இடது மூலைப் பொத்தான்

தினேஸ்வரியின் விரல் மரத்துப்போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. ஆனாலும் எடுக்க முடியாது. எடுத்தால் கணவர் ஜெயபாலனின் வேலை நின்றுவிடும்.

ஜெயபாலன் ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கு நிரல் எழுதுகிறவர். அவருடைய நிரல்மொழியில் வார்த்தைகள் குறைவு. அம்பு, வட்டம், முக்கோணம் என்று எங்கு பார்த்தாலும் குறிகள்தான். விசைப்பலகையின் இடது மூலையில் கன்ட்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஓர் எழுத்தைத் தட்டினால்தான் ஒரு குறி விழும். நாலு மாதத்துக்கு முன்பு ஸ்ட்ரோக் வந்து அவருடைய இடது கை விழுந்துவிட்டது. ஒற்றைக் கை எத்தனை மூலைக்குத்தான் எட்டும்? அதனால் பொத்தானைப் பிடிப்பது அவள், எழுத்தைத் தட்டுவது அவர். வீட்டிலிருந்தே வேலை என்பதால் அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் தூக்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

கையுறைத் தொழிற்சாலையில் அவளுடைய லீவு இன்று, ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இனி ஒரு நாள்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் அங்கே நிற்க வேண்டும். இவர் இங்கே தனியாகத் தட்ட வேண்டும்.

"ரூபன்கிட்ட கேளுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்" என்றாள்.

"அவன் ஆபீஸ்ல பொஸ்கிட்ட சொல்லிட்டா?"

"சொல்லட்டும்! எனக்கு முடியலங்க. ஒடம்புல தெம்பே இல்ல."

அவரிடம் அனுமதி கேட்காமல் போனை எடுத்தாள். ரூபன் அவரோடு வேலை செய்கிற இளைஞன், அதே மொழி தெரிந்தவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "ஐயோ, அண்ணே இத ஏன் ஒரு வார்த்த சொல்லல? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். அக்கா, நான் சொல்ற மாதிரி செய்ங்க" என்றான்.

செய்தாள். புதிய விசையமைப்பை இறக்கினாள். குறிகள் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வந்தன. எழுத்துரு இல்லையாம். அதையும் இறக்கிப் போட்டால், நிரல் எழுதும் எடிட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூடித் திறக்கச் சொன்னான். மூடித் திறந்தாள். இப்படியே இரண்டு மணி நேரம். சோறு ஆறிக் கிடந்தது.

"ரொம்ப லெச்சேலா, ரூபன். பெரிய தொல்லையா இருக்கு."

"முடிஞ்சிருச்சுக்கா. இனிமே சேத்துப் பிடிக்கவே வேணாம். இஸ்கேப்புக்குக் கீழ உள்ளத ஒரு தட்டு, விட்டுட்டு எழுத்த ஒரு தட்டு. குறி வந்துரும்."

அவள் கணவரின் வலது கையைப் பார்த்தாள். "அதுவும் இடது மூலைதானே தம்பி? ஒவ்வொரு குறிக்கும் அங்க போயிட்டு வந்தா இந்தக் கையும் போயிரும். என்டர் பக்கத்துல ஏதாச்சும் குடு."

"எனக்கு இது தோணவே இல்லியேக்கா" என்றவன், என்டருக்கு மேலே இருந்த சாய்கோட்டுப் பொத்தானுக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்தான்.

ஜெயபாலன் பாதியில் விட்டிருந்த வரியைத் தொடர்ந்து தட்டினார். அம்பு விழுந்தது. வட்டம் விழுந்தது. முகம் மலர்ந்து மூன்றாவதைத் தட்டும்போது பழக்கதோஷத்தில் அவளுடைய விரல் கன்ட்ரோலை அழுத்திவிட்டது. அது வேறு ஏதோ கட்டளையாகி, எழுதிய வரி மொத்தமும் காணாமல் போனது.

"கைய எடுலா!" என்று கத்தினார்.

அவளுக்குச் சுரீர் என்றது. "நாலு மாசம்! கக்கூஸுக்குப் போகக்கூட ஒங்களக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சேன். இப்ப கைய எடுங்கறீங்க!"

அவர் திரையைவிட்டுத் திரும்பவில்லை. "ஒன்ன இப்படி ஒக்கார வச்சது எனக்கும் கேவலமாத்தான் இருந்துச்சு, ஈஸ்வரி" என்றார். "போயி படு. நாளைக்கு வேலைக்குப் போவணும்ல."

அவள் போகவில்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். காணாமல் போன வரியை அவர் முதலிலிருந்து அடித்தார், ஒவ்வொரு குறியாக. கால் மணி நேரம் ஆனது. நிரலை ஓட்டிப் பார்த்தார். விடை சரியாக வந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் அறைக்குப் போய்ச் சாய்ந்தாள். எலும்பெல்லாம் வலித்தது. கூடத்தில் பொத்தான் சத்தம் கேட்டது. ஒன்று, விட்டு இன்னொன்று. திடீரென்று நின்றது. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. சத்தமே இல்லை. அவள் கால் தானாகத் தரையில் இறங்கியது. கட்டில் கிரீச்சிட்டது.

"வராத!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "யோசிச்சிக்கிட்டு இருக்கேன்லா."

பாவி மனுஷன் என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுது முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.