மணப்பெண் பல்

பல் ஆஸ்பத்திரி வரிசையில் மூன்றாவது முறையாக நிற்கிறேன். கால் மரத்துப்போய்விட்டது. என் மகள் ரிஹாபுக்குப் பதினான்கு வயது. மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் இல்லை. வலப்பக்கம் அதே இடத்தில் ஒரு குட்டிப் பால்பல் இன்னும் விழாமல் நிற்கிறது. அது போனால் நல்ல பல் வரும் என்று நாக்கால் நெட்டிக்கொண்டே இருக்கிறாள்.

இடப்பக்கத்துப் பல்லை நூல் கட்டிப் பிடுங்கியவள் நான்தான். மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், இந்த எருமைப் பல்லை எடுத்துக்கொண்டு மணப்பெண் பல்லைக் கொடு என்று சூரியனிடம் கேட்டு எறியச் சொன்னேன். எகிப்தில் எங்கள் மன்சூரா ஊரில் எல்லாத் தாய்மார்களும் செய்வதுதான். மூன்று வருஷமாகியும் சூரியன் கண்டுகொள்ளவில்லை.

நாத்தனார் இனாயத்துக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க பக்கம் எல்லாருக்கும் முப்பத்திரண்டும் முழுசா இருக்கு. இவ யாரக் கொண்டு பொறந்தாளோ!" என்றாள். நான் காதில் விழாததுபோல் கீரையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

இன்று உள்ளே கூப்பிட்டதும் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். "ரிஹாப் அம்மா, உள்ள பல்லே இல்ல. பொறவியிலேயே இல்ல. ரெண்டு பக்கமும்."

"அப்ப இந்தப் பால்பல்லப் புடுங்கினா?" என்று கேட்டேன்.

"ஓட்டைதான். செயற்கைப் பல் பதிக்கணும்னா இவ வளர்ந்து முடியணும். அதுவரைக்கும் இந்தப் பால்பல்லப் பொத்திப் பொத்தி வெச்சுக்கங்க. அந்தப் பக்கத்துப் பல்ல யாரு புடுங்கினது?"

நான் ரிஹாபின் முக்காட்டைச் சரிசெய்தேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"இல்ல," என்றேன். பதினாறு வருஷமாகச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பொய்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். ரிஹாப் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எனக்கு மட்டும் ஏம்மா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மறைத்து மறைத்து அலுத்துப்போயிருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி, கல்யாணத்துக்கு முன்பு மாட்டிய பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். இரண்டே பற்கள். அவளுக்கு இல்லாத அதே இரண்டு.

அழுகை நின்றது. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

என் உள்ளங்கையிலிருந்த பற்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். "உனக்கு வரலன்னு தெரிஞ்சுமா என் பல்லப் புடுங்கின?"

"எங்கம்மா என் பல்ல மேகம் போட்ட நாள்ல எறிய வெச்சுட்டா, அதனாலதான் வரலன்னு நெனச்சேன்டி." பல் இல்லாத வாயில் பேச்சு காற்றாகப் போனது. "உனக்கு நல்ல வெயில் பாத்துத்தான் எறியச் சொன்னேன்."