அரம் பட்ட இரும்பு

குண்டு போட்டுத் துப்பாக்கியின் போல்ட்டை மூடியபோது பாண்டியம்மாளின் விரல் ட்ரிகர் மேல் இல்லை. அதற்கு வெளியே, மரக்கட்டையோடு ஒட்டி நேராக நீட்டியிருந்தது. என்.சி.சி.யில் சேர்ந்த நாளிலிருந்து பதினோரு வருடமாக அந்த விரல் அந்த இடத்தில்தான் இருந்து பழகியிருக்கிறது. அப்படியிருந்தும் துப்பாக்கி வெடித்தது. குண்டு பத்தடி முன்னால் தரையைக் கிழித்துச் செம்மண்ணை வாரி இறைத்தது.

ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலைக்குப் பின்புறம் இருந்த ரைபிள் கிளப்பின் பயிற்சித் திடல் அது. 1983 ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. இலக்கு அட்டைகளை மாட்டுகிற பேயாண்டி அப்போதுதான் சுடுகிறவர்கள் படுக்கும் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். செம்பு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"விரலை வச்சுட்டாங்க. நான் பாத்தேன்" என்றான் பின்னால் நின்ற முத்திருளன். கிளப் தலைவர் சிவனாண்டியின் மருமகன் அவன்.

"வைக்கலை" என்றாள் பாண்டியம்மாள்.

"அப்ப துப்பாக்கி தானா வெடிக்குமா? இத்தாலிக்காரன் செஞ்சது டீச்சர். உங்க பள்ளிக்கூடத்து மணியில்ல, தானா அடிக்கிறதுக்கு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் போல்ட்டைத் திறந்து, காலித் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் படுத்துச் சுடும் மெத்தையில் கிடத்தினாள்.

அந்தத் துப்பாக்கி ஏப்ரலில்தான் மதுரைக்கு வந்திருந்தது. பெர்தோலி என்று ஒரு குடும்பம், வடக்கு இத்தாலியில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆறு தலைமுறையாகத் துப்பாக்கி செய்கிறது. இது போட்டிக்கென்றே செய்த பாயிண்ட் டூ டூ ரைபிள். கூடவே ஒரு அட்டை வந்தது. தொழிற்சாலையில் ஐம்பது மீட்டரிலிருந்து சுட்டுப் பார்த்த ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கியிருந்தன. மாவட்டத் தேர்வில் முதலில் வருகிறவர் இதைக்கொண்டு மாநிலப் போட்டியில் சுட வேண்டும் என்றுதான் கிளப் அதை வரவழைத்தது. பாண்டியம்மாள் பழைய துப்பாக்கியால் அறுநூறுக்கு ஐந்நூற்று எண்பத்தொன்று எடுத்து முதலில் வந்தாள். முத்திருளன் ஐந்நூற்று அறுபத்தொன்பது. ஆனால் நான்கு மாதமாகத் துப்பாக்கி முத்திருளன் கையில்தான் இருந்தது. "ஐந்தரைக் கிலோம்மா, பொம்பளைக்கு ஆகாது" என்றார் தலைவர். செயலாளர் கண்ணுச்சாமி, மருந்துக் கடைக்காரர், சண்டை போடத் தெரியாதவர், அவர் நாலு தடவை நினைவூட்டிய பிறகுதான் அன்றைக்கு முதல்முறையாக அது அவள் கைக்கு வந்தது. வந்து கால் மணி நேரத்தில் இப்படி.

மூன்றாம் நாள் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஆயுதத்தைப் பொறுப்பில்லாமல் கையாண்டதற்காக ஆறு மாதம் விலக்கிவைத்திருக்கிறார்கள். நகல் அவள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த பள்ளிக்கும் போயிருந்தது. தலைமையாசிரியை விளக்கம் கேட்டார். பாண்டியம்மாள் ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்: என் விரல் ட்ரிகர் மேல் இல்லை.

அன்று மாலையே சிவனாண்டியின் அரிசி ஆலைக்குப் போனாள். அவர் நாற்காலியிலிருந்து எழவுமில்லை, அவளை உட்காரச் சொல்லவுமில்லை.

"துப்பாக்கியைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க சார். உள்ள ஏதோ கோளாறு இருக்கு."

"பாத்தாச்சு. ஒரு கோளாறும் இல்லை."

"யாரு பாத்தா?"

"ஏம்மா, உன்ட்ட நான் கணக்குச் சொல்லணுமா? சோழவந்தான்ல எங்க வயல்ல நாத்துப் பிடுங்குனவன்தான உங்கப்பன். படிச்சிருக்கியேன்னு கிளப்புல சேத்தோம். அதோட இருந்துக்க."

"எங்கப்பா பிடுங்குன நாத்துல ஒண்ணாச்சும் கோணலா நட்டாருன்னு உங்களால சொல்ல முடியுமா சார்?"

அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "இந்தம்மாளை வெளிய அனுப்பு" என்றார்.

ஆலையிலிருந்து வண்டியூர் வரை அவள் நடந்தே வந்தாள். பஸ் இரண்டு கடந்து போனது தெரியவேயில்லை. தெப்பக்குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் செருப்பு ஒன்று வார் அறுந்து தொங்குவதைப் பார்த்தாள். 'யாரு பாத்தா' என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. கிளப் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் சுருளி ஒருத்தர்தான். ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர். ஞாயிறுகளில் கிளப்புக்கு வருவார்.

மறுநாள் வில்லாபுரத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். அவளைப் பார்த்ததும் சுருளியின் முகம் வெளுத்தது. மனைவியைக் காப்பி போடச் சொல்லிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"நீங்க பிரிச்சீங்களாண்ணே?"

"பிரிச்சேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

சுருளி குரலைத் தாழ்த்தினார். "தோட்டாவைக் குத்துற ஊசியைப் பிடிச்சு நிறுத்துறதுக்கு ஒரு கொக்கி இருக்கு டீச்சர். அரை தீக்குச்சி அம்புட்டுத்தான் இருக்கும். அதோட முனையை யாரோ அரத்தை வச்சுத் தேச்சிருக்காக. ட்ரிகர் லேசா இருக்கணும்னு. தேஞ்ச கொக்கி எப்படிப் பிடிக்கும்? போல்ட்டை மூடுன அதிர்ச்சிக்கே விட்டுரும்."

"இதைச் சொன்னீங்களா அவுககிட்ட?"

"தலைவர்ட்ட சொன்னேன். புதுசா ஒண்ணு செஞ்சு போடு, பழசைத் தூக்கிப் போடு, வாயைத் திறக்காதன்னாரு. எனக்கு இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்கு. அவருக்கு எங்க பெரிய அதிகாரி வரைக்கும் பழக்கம்."

"அதுக்கு என் பேரு நாறட்டும்னு விட்டுட்டீங்க."

"எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைக டீச்சர்."

"நானும் ஒருத்தரு பெத்த பொம்பளைப் பிள்ளைதாண்ணே."

காப்பி வந்தது. அவள் தொடவில்லை. வாசல்வரை போனவளைச் சுருளி கூப்பிட்டார். உள்ளே போய், பஞ்சில் சுற்றிய கொக்கி இருந்த ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "தூக்கிப் போடலை. மனசு வரலை. என்கிட்ட வாங்குனதா மட்டும் சொல்லிராதீக."

இதை யாரிடம் காட்டுவது என்று இரண்டு நாள் யோசித்தாள். சிவனாண்டிக்குத் தெரியாத ஆள் மதுரையில் யாருமில்லை. கடைசியில், செய்தவனிடமே கேட்பது என்று முடிவு செய்தாள். ஆங்கில டீச்சரை உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் இரண்டு பக்கத்துக்கு எழுதி, கொக்கியைப் பஞ்சோடு உறையில் தைத்து, பெர்தோலி கம்பெனிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள்.

ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் முத்திருளன் பெயர் மாநிலப் போட்டிக்குப் போய்விட்டது. பள்ளியில் என்.சி.சி. பொறுப்பை அவளிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். மைதானத்தில் பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு விசிலைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பல்தடம் பதிந்து விசில் ஒரு பக்கம் நசுங்கிப்போனது.

பதில் ஆங்கிலத்தில் இருந்தது. மரியாதையான, குளிர்ந்த கடிதம். உதிரி பாகத்தைப் பரிசோதித்தோம். எங்கள் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதன் முனை மாற்றப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் துப்பாக்கி தானாக வெடிக்கக் கூடும். புதிய பாகத்தை விலையின்றி அனுப்புகிறோம். அவ்வளவுதான். ஆனால் கூட ஒரு துண்டுத் தாள் இருந்தது. அதில் பென்சிலால், அழுத்தி அழுத்தி, இத்தாலிய மொழியில் ஆறேழு வரி.

ரோமாபுரியில் படித்துவிட்டு வந்த பாதிரியார் ஒருவர் நகரத்தில் இருந்தார். அவரிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, சற்றுத் தயங்கினார்.

"பட்டறையில வேலை செய்றவர் எழுதியிருக்கார். பெரியவங்களுக்குத் தெரியாம உள்ள வச்சிருப்பார்போல. 'இந்தக் கொக்கியை நான் என் கையால மெருகு போட்டேன். முப்பது வருசமா இதைத்தான் செய்றேன். இதுல அரத்தை வச்சவன்…' அடுத்து ஒரு வார்த்தை இருக்கும்மா."

"சொல்லுங்க ஃபாதர்."

"கழுதைன்னு எழுதியிருக்கார். அதுவும் கொஞ்சம் மோசமான கழுதை." பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'ஒரு உயிர் போயிருக்கும். வெடிச்சபோது துப்பாக்கியைப் பிடிச்சிருந்தது நீங்கன்னா, நீங்க அதை மண்ணைப் பாத்து வச்சிருந்ததாலதான் யாரும் சாகலை. உங்ககிட்ட அவங்க மன்னிப்புக் கேக்கணும். இன்னும் கேக்கலைன்னா அவங்களுக்கு வெக்கமில்லை.'"

அவள் இத்தனை நாளில் ஒரு தடவையும் அழவில்லை. இப்போதும் அழுகை வரவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதனுக்குத் தோன்றியது, அவளைத் தினமும் பார்க்கிற நிர்வாகக் குழுவின் ஏழு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று நினைத்தாள். நினைக்க நினைக்கக் கோபம் கூடிக்கொண்டே போனது.

அடுத்த ஞாயிறு குழு கூடியபோது அழைப்பில்லாமல் உள்ளே போனாள். கம்பெனிக் கடிதத்தைச் செயலாளர் முன்னால் வைத்து, "சத்தமா வாசிங்க சார்" என்றாள். கண்ணுச்சாமி வாசித்தார். பிறகு பாதிரியாரிடம் எழுதி வாங்கியிருந்த பென்சில் தாளின் தமிழை அவளே வாசித்தாள், கழுதையையும் விடாமல்.

சிவனாண்டி மேசையைத் தட்டினார். "கிளப் சாமானை யாரைக் கேட்டு வெளிநாட்டுக்கு அனுப்புன? உனக்கு யாரு குடுத்தா?"

"அது உங்களுக்கு வேணாம். அரத்தை வச்சது யாரு, அதைச் சொல்லுங்க."

"திருடிட்டுப் போயிட்டு என்னையே கேள்வி கேக்குறியா? போலீஸைக் கூப்பிடட்டா?"

வராந்தாவில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த சுருளி எழுந்து வந்து வாசலில் நின்றார். "நான்தான் குடுத்தேன். தூக்கிப் போடச் சொன்னீகள்ல, அது."

தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற முத்திருளன் எரிச்சலோடு வாயைத் திறந்தான். "என்ன பெரிய விசயம் இது? கொஞ்சம் லேசா இருக்கட்டும்னு நாலு தேய் தேச்சேன். இவங்களுக்கு வெடிச்சதுக்கு முந்தின வாரம் எனக்கும்தான் ஒருக்கா தானா வெடிச்சுச்சு. நான் ஊரைக் கூட்டுனேனா?"

"முத்து, சும்மா இரு" என்றார் மாமனார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

டீ டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்த பேயாண்டி நிமிர்ந்தார். "முந்தின வாரம்னா?" என்று கேட்டார். "அன்னைக்கு நீங்க மட்டும்தான சுட்டீக. நான் அங்கன அட்டை மாட்டிக்கிட்டு இருக்கயில ஒரு வெடிச் சத்தம் கேட்டுச்சு. பட்டாசுன்னீகளே."

பாண்டியம்மாள் மாமனாரையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரிஞ்சே என் கைல குடுத்திருக்கீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஆள் அந்தப் பக்கம் நிக்கும்போது குண்டு போட்டிருக்கீங்க. அந்த மனுசன்கிட்டப் பட்டாசுன்னு சொல்லியிருக்கீங்க. பொறுப்பில்லாதவள்னு என் பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் போட்டிருக்கீங்க."

"சரிம்மா, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு" என்றார் சிவனாண்டி. அவர் குரல் பாதி இறங்கியிருந்தது. "தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிருவோம். துப்பாக்கியை நீயே எடுத்துக்க. மெட்ராஸ் போட்டிக்கு நீயே போ."

"நடந்ததை எழுதுங்க. யாரு தேச்சா, யாருக்கு மொதல்ல வெடிச்சுச்சு, யாரு மறைச்சா. எழுதி, அதோட நகலையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. அப்புறம் துப்பாக்கியைத் தொடுறேன்."

"எழுத முடியாது."

அப்போது கண்ணுச்சாமி பேனாவின் மூடியைக் கழற்றினார். தலைவரைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார். சிவனாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். குழுவில் மீதி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறு மாத விலக்கு ரத்தாயிற்று, பள்ளிக்குக் கடிதம் போயிற்று. என்.சி.சி. பொறுப்பு திரும்பி வந்தது. இத்தாலியிலிருந்து வந்த புதிய கொக்கியைச் சுருளிதான் மாட்டிக் கொடுத்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்து அவரை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். வழியனுப்பப் போனவளிடம், "போறேன் டீச்சர். இப்பத்தான் ராத்திரி தூக்கம் வருது" என்றார். அவளுக்கு அந்த மாற்றலும் கோபம்தான். மேலதிகாரிக்கு இரண்டு மனு எழுதினாள், பதில் வரவில்லை.

மெட்ராஸில் நடந்த மாநிலப் போட்டியில் அவள் ஐந்நூற்று எண்பத்து நான்கு எடுத்தாள். அவள் வாழ்நாளில் அதுதான் அதிகம். ஆறாவது இடம். தேசியப் போட்டிக்கு முதல் நான்கு பேரைத்தான் எடுத்தார்கள். இரண்டு மாதப் பயிற்சி போனதை நினைத்துக்கொண்டே ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, அவள் மெத்தையில் படுத்துக் குண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது முத்திருளன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அடுத்த வருசம் மொதல் நாலுல கண்டிப்பா வந்துருவீங்க டீச்சர்" என்றான். பிறகு, "பழசெல்லாம் மறந்துருப்பீங்கன்னு நினைக்கிறேன்."

"மறக்கலை."

அவன் சிரிக்கப் பார்த்தான். "இன்னும் கோவமா?"

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

அவன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நின்றான்.

"பேயாண்டி அண்ணே அங்கன இருக்காரு. மொதல்ல அவர்ட்டப் போய்க் கேளுங்க. அப்புறம் என்கிட்ட வாங்க."

முத்திருளன் ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேட்டின் அடியில் குனிந்து அட்டை மாட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தான். ஓரடி எடுத்து வைத்தான். பிறகு திரும்பி, காரை நிறுத்தியிருந்த பக்கம் போனான்.

பேயாண்டி கடைசி அட்டையை மாட்டி, நிதானமாக நடந்து, கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து உட்காரும்வரை பாண்டியம்மாள் போல்ட்டைத் திறந்தே வைத்திருந்தாள். அதன் பிறகுதான் முதல் குண்டைப் போட்டாள்.