சுமை ஏற்றியும் அசையாத கோடு

வெண்டல் ஹாகன் நீட்டிய அறிக்கையைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல எண் எந்த ஊரில் வரும்?

நாங்கள் செய்வது குறைமாதக் குழந்தைகளுக்கான மூச்சுக் கருவி. குழந்தை மூச்சிழுத்த கணமே உள்ளிருக்கும் பிராசசர் விழித்து வால்வைத் திறக்க வேண்டும். கண்ணிமைப்பதில் நூற்றில் ஒரு பங்கு தாமதித்தாலும், பிராசசர் செத்துவிட்டது என்று அதைக் கண்காணிக்கும் காவல் சுற்று முடிவுகட்டி வால்வை மூடிவிடும். நர்ஸ் ஓடிவந்து கையால் காற்றடிக்கும்வரை குழந்தைக்கு மூச்சு கிடையாது. அதனால்தான் பிராசசர் தலையில் இல்லாத வேலையெல்லாம் கட்டி, திணறவைத்து, அப்போதும் நேரத்துக்கு விழிக்கிறதா என்று அளப்போம்.

அந்தச் சோதனைச் சுமைக்கான புரோகிராமை எழுதியவன் வெண்டல். அளந்தவனும் அவனே; எவ்வளவு சுமையிலும் தாமதமே இல்லை என்கிறது அறிக்கை. பாலுக்குப் பூனை காவல்! போதாக்குறைக்கு, மறுநாள் மில் லாக்ஸ் ஏரிக்கு ஐஸில் மீன்பிடிக்கப் போகும் அவசரம் வேறு.

“என்ன பிரிட்டா, மோந்து மோந்து பாக்கற? கையெழுத்தப் போடு தாயே. கீழ மெஷினெல்லாம் வேன்ல ஏத்திட்டாங்க.”

“டெஸ்ட்ல பிராசசர் மேல லோடு நெஜமாவே ஓடுச்சா?”

“இல்ல, நான் பக்கத்துல உக்காந்து தாலாட்டு பாடினேன்.”

சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கையில் ஆதாரம் இல்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவன் சாப்பாட்டைச் சூடாக்கப் போனதும் நேரே சோதனை அறைக்குப் போனேன்.

மேசைமேல் கருவி ஒரு ரப்பர் நுரையீரலுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. தாமதத்தைக் காட்டும் கோடு திரையில் சமமாக ஓடியது. சுமை பொய்யென்றால், அதை நிறுத்தினாலும் கோடு மாறாது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம், வேனையும் திருப்பிவிடலாம். நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கோடு அசையவில்லை.

“மாட்டினியா மவனே!” என்றேன், வாய்விட்டே.

உடனே கோடு செங்குத்தாக எகிறியது. வால்வு டப்பென்று மூடியது. அலாரம் அலறியது. ரப்பர் நுரையீரல் சுருங்கிக் கிடந்தது.

வெண்டல் சூடாக்கிய சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவந்தான். “என்ன பண்ணித் தொலச்ச?”

“லோட நிறுத்தினேன். வேற எதையும் தொடல, சத்தியமா.”

அவன் சுமையை ஏற்றினான், கோடு அடங்கியது. நிறுத்தினான், மறுபடி எகிறியது, மறுபடி வால்வு மூடியது. அவன் முகம் வெளிறிப்போனது.

“வேலை இல்லேன்னா தூங்கிடுது பிரிட்டா. பேட்டரிய மிச்சம்பிடிக்குதாம். அசந்து தூங்கினா எழுந்திருக்க லேட்டாவுது.”

சுமையில்லாமல் நாங்கள் அளந்ததே கிடையாது. சும்மா இருக்கும் பிராசசருக்கு என்ன கேடு என்றுதான் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் நினைப்பு.

“குழந்தை தூங்கறப்ப, யாரும் திரையத் தொடாதப்ப, இது சும்மாதான இருக்கும்?” என்றேன்.

தட்டைத் தரையிலேயே போட்டுவிட்டு ஓடினான். ஜன்னல் வழியே பார்த்தேன். வேன் வாசலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. கோட்டுகூடப் போடாமல் பனியில் வழுக்கி விழுந்து எழுந்து, வேனை இரண்டு கையாலும் அறைந்தான். வேன் நிற்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

திரும்பி வந்தபோது குளிரில் அவன் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

“என் லோடு டூப்புன்னுதான நிறுத்திப் பாத்த?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா வெண்டல். உன்னத் திருடன்னே முடிவு பண்ணிட்டேன்.”

அவன் நாற்காலியில் சரிந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“நல்லவேளை,” என்றான். “நம்பித் தொலச்சிருந்தா?”