ஒற்றைப் பல், இரட்டைப் பல்

ஹோ ஆற்றங்கரைக் காட்டில் சாய்ந்து நின்ற ஒரு மேப்பிள் மரத்தில், லோர்னா ஹாஸ்கெட்டுக்குப் பிடிபடாத பாசி ஒன்று இருந்தது. அந்தக் காட்டுப் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு விரலால் தடவிப் பார்த்தே பெயர் சொல்லிவிடுகிறவள் அவள். இது இரண்டு இனங்களில் எது என்றுதான் தெரியவில்லை. இலை விளிம்பில் பற்கள் இரண்டிரண்டாக இருந்தன. மேற்கொண்டு சொல்ல அதன் வித்துக்கூட்டைப் பார்க்க வேண்டும். அங்கே இருந்ததெல்லாம் பெண் செடிகள்; பக்கத்தில் ஆண் செடி இல்லாமல் கூடு வராது.

வெர்ல் டிண்டால் அவளோடு இருந்த காலத்தில், வசந்தம் தவறாமல் இருவரும் போய்ப் பார்ப்பார்கள். மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். "என்னம்மா, இன்னும் மாப்பிள்ளை வரலியா?" என்று பாசியிடமே விசாரிப்பான். மர ஆலை மூடியதும் அலாஸ்காவில், கெச்சிக்கன் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அவளையும் கூப்பிட்டான். காட்டுப் பாசிக் கணக்கைப் பாதியில் விட்டு வர முடியாது என்றாள். பிறகு தனியாகத்தான் மேப்பிளுக்குப் போனாள். அங்கே போனாலே அவன் குரலுக்காகக் காது காத்திருக்கும்.

இந்த ஏப்ரலில் ஒரு மத்தியானம் வெர்ல் வாசலில் வந்து நின்றான். தாடி வளர்த்திருந்தான். கையில் சாப்பாட்டு டப்பா.

"கப்பல்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். பாரு."

ஈரத்துணிக்குள் பாசி. தண்டு நுனிகளில் குட்டிப் பூப்போலக் கிண்ணங்கள். ஆண் செடிதான். லோர்னா டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். ஓர் இலையைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தாள். பற்கள் ஒற்றை ஒற்றையாக இருந்தன. இன்னோர் இலையைக் கிள்ளினாள். அதுவும் அப்படியே.

"அதுதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல வெர்ல். இது வேற. நம்ம வீட்டுக்குப் பின்னாடியே இருக்கு."

"அடப்பாவமே. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

"உனக்கு எதுதான் ஒண்ணாத் தெரியல?"

சிரித்தார்கள். அவள் சிப்பி சூப்பைச் சூடாக்கினாள். அவன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டான்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்."

"லீவு இல்ல. அங்க மலை முழுக்கப் பாசிதான் லோர்னா. எனக்குப் பல்லு பார்க்கத் தெரியாது. நீதான் வந்து தேடணும்."

அவள் தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டாள். பதில் எதிர்பார்க்காதவன்போல அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கார்ச் சத்தம் ஓய்ந்த பிறகும் நெடுநேரம் அவள் வாசலிலேயே நின்றாள்.

ஜூனில் கப்பல் ஏறினாள். பாசி தேடப் போவதாக அடுத்த வீட்டு எட்னாவிடம் சொன்னாள்.

"பாசிக்கு எதுக்கடி புதுச் சட்டை?" என்றாள் எட்னா.

கெச்சிக்கன் கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையில் மேல்தளத்துக்கு வந்துவிட்டாள்.