எதிர்ப்பு எதுவும் வரவில்லை

உரை வாத்தியாருக்குத் தொண்டையில் ஆபரேஷன். பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருடமாகத் திருக்குர்ஆன் விரிவுரைக் குழுவில் வரிக்கு வரி மல்லுக்கு நின்ற மனிதர். அவரைப் போய் வாயை மூடச் சொன்னால் எப்படி?

அந்தப் பத்து நாளுக்குள்தான் அந்த வசனமும் குழுவுக்கு வந்து தொலைத்தது. மீட்க முடியாதபடி தலாக் ஆன பெண், இத்தா என்னும் காத்திருப்புக் காலம் முடியும்வரை கணவன் வீட்டில் தங்கலாமா? பழைய அறிஞர்கள் இதில் ஒத்துப்போனதே இல்லை, மூலநூலைப் புரட்டிய எவருக்கும் இது தெரியும். வரைவிலோ, ‘தங்க உரிமையில்லை என்பதில் அனைவரும் ஒருமித்துள்ளனர்’ என்று கூசாமல் எழுதியிருந்தது. அச்சேறிவிட்டால் அந்த ஒற்றை வரியைக் காட்டியே பெண்களைத் தெருவில் நிறுத்திவிடுவார்கள்.

வாத்தியார் நாலு பக்கம் மறுப்பு எழுதி, அதே குழுவில் இருந்த முப்பது வருடக் கூட்டாளி கண்ணாடியாரிடம் கொடுத்தார். குழுவில் ஒருவர் எதிர்த்தாலும் ‘அனைவரும்’ என்ற சொல் நிற்காது. யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு.

“நீ பேசாம படு. ஒரு எழுத்து விடாம நான் படிச்சிடறேன்” என்றார் கண்ணாடியார்.

பதினோராம் நாள் வாத்தியார் அலுவலகம் போய்க் கூட்டக் குறிப்பேட்டைப் பிரித்தார். ‘எதிர்ப்பு எதுவும் வரவில்லை. வராதவர்களின் மௌனமும் சம்மதமாகக் கொள்ளப்பட்டது.’ கீழே முதல் கையெழுத்தே கண்ணாடியாருடையது. பக்கம் அச்சுக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

கண்ணாடியார் ஜன்னலோரம் நின்றார்.

“என் கடிதம் எங்கே?” வாத்தியாரின் குரல் கரகரத்தது.

“சட்டைப்பையிலேதான் இருந்துச்சு. எடுக்கக் கை வரலை. என் மகன் தலாக் சொல்லிட்டான், தெரியுமில்ல? மருமக வீட்டை விட்டு நகர மாட்டேங்கறா. எந்தக் கிதாபுல இருக்கு, காட்டுங்கன்னு ஒத்தைக்கால்ல நின்னா.”

வாத்தியார் குறிப்பேட்டை மூடினார். வேறு யார் செய்திருந்தாலும் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பார். இவன், ஒரே கிதாபைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன்.

“காட்டிட்டியா?”

“நேத்து அச்சுத்தாளைக் காட்டினேன். நம்பலை. குழுவுல உன் பேரு இருக்கறதைப் பார்த்தா. ‘அவருமா ஒத்துக்கிட்டாரு?’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமான்னேன். அதுக்கப்புறம் அவ எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.”