வட்டம் என்றால் சரி

சோதனை அறையில் இருந்த பெண் பெருக்கல் குறிப் பொத்தானை அழுத்தினாள். மூன்று மணி நேரம் ஆடிச் சேர்த்த ஆட்டம் முழுவதும் திரையிலிருந்து மறைந்தது.

டோக்கியோ அலுவலகத்தின் இகராஷி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'அழிக்கலாமா?' என்று கேட்டிருந்தது புதிய விளையாட்டுக் கருவி. வேண்டாம் என்று சொல்லத்தான் அந்தப் பெண் பெருக்கல் குறியை அழுத்தினாள். ஜப்பானில் பள்ளிக்கூட விடைத்தாளிலிருந்தே வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் இல்லை. நிறுவனம் இதுவரை இங்கே விற்ற கருவிகளும் அப்படித்தான். கடல் தாண்டி விற்றவற்றில் மட்டும் தலைகீழ். இப்போது தலைமையகமே கடல் தாண்டிப் போய்விட்டது. இனி உலகம் முழுக்க ஒரே வழக்கம், அவர்களுடையது: பெருக்கல் குறி என்றால் சரி.

அந்தப் பெண் கோபப்படவில்லை. எழுந்து தலை தாழ்த்தினாள்.

"மன்னிச்சுக்கோங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன். உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கருத்துத் தாளில் 'பயன்படுத்த எளிதாக இருந்தது' என்ற வரிக்கு அழகாக ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் அழித்தார்கள். பன்னிரண்டு பேரும் வட்டம் போட்டார்கள்.

"தலைமையகத்துக்குத் தாளை மட்டும் அனுப்பும்மா. சோதனையை எடுத்த வீடியோ வேண்டாம்," என்றார் பிரிவுத் தலைவர் முனகாதா.

"ஆனா சார், தாள்ல இருக்கறது..."

"அவங்க கையாலயே போட்டதுதானே? நாம எதையும் மாத்தலையே." குரலைத் தாழ்த்தினார். "ஒசாகா ஆபீஸ் போன வருஷம் ஆட்சேபம் சொல்லுச்சு. இப்போ அங்க யாரு இருக்கா, சொல்லு பாப்போம்?"

"ரொம்ப அமைதியா இருக்காம் சார். வேலை பாக்க நல்ல இடம்," என்றான் பக்கத்து மேசை நுகாதா. அவனே சிரித்தான். இங்கேயும் பதினோரு மேசைகளில் நான்கில்தான் ஆள் இருந்தது.

இகராஷி தாளை அனுப்பினாள். அடியில் அவள் பெயர்.

வீடு திரும்பும் ரயிலில் அவள் கணக்குப் போட்டாள். எத்தனை லட்சம் வீடுகளில் எத்தனை பேர் அழிப்பார்கள், அழித்துவிட்டுத் தங்களையே நொந்துகொள்வார்கள். ஒரு புகார்கூட வராது. வேலை போவதைவிட அதுதான் பயமாக இருந்தது. அந்த மௌனத்துக்கு அடியிலும் அவள் பெயர்தான் இருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக் கூட்டம். சுவர்த் திரையில் தலைமையகத்தின் ஆறு முகங்கள். நடுவில், முடிவு சொல்லும் மெரிடித்.

"டோக்கியோ! பேப்பர் பாத்தேன். பன்னெண்டுக்குப் பன்னெண்டு, பிரமாதம். அப்போ முடிச்சுக்கலாமா?"

முனகாதா சம்மதமாகத் தலையைப் பாதி தாழ்த்திவிட்டார்.

"ஒரு நிமிஷம்." யாரோ பேசியது போலிருந்தது, அது தன் குரல்தான் என்று இகராஷிக்குப் பிறகுதான் தெரிந்தது. "ஒரு வீடியோ இருக்கு. ரெண்டு நிமிஷம்தான்."

முனகாதாவின் பேனா தாளில் நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. வீடியோவை ஓடவிட்டாள். ஒன்பது விரல்கள், ஒன்பது வெற்றுத் திரைகள்.

முடிந்ததும் ஆறு முகங்களும் திரும்ப வந்தன. மெரிடித்தின் உதடுகள் பாதி திறந்தபடி இருந்தன. இணைப்பு உறைந்துவிட்டதா, அவர்கள்தான் அசையாமல் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. மெரிடித்துக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நின்றது. இகராஷி அதன் இலைகள் அசைகின்றனவா என்று பார்த்தாள்.