வளைகாப்பில் பாதியில் எழுந்தவள்

சோப்பு நுரை தடவியும் வளையல் ஏறவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணி பாமாவின் கைகள் அப்படி வீங்கியிருந்தன. வளைகாப்புக்குக் கூடியிருந்த பெண்களுக்கோ அது ஒரே வேடிக்கை. "நீர் எறங்கியிருக்கு, பையன்தான்!" என்று சிரித்துக்கொண்டே, இரண்டு கைகளிலும் ஒருவழியாகத் திணித்துவிட்டார்கள்.

பாமாவுக்குக் காலையிலிருந்தே மண்டையைப் பிளந்தது. இப்போது கண்முன் பூச்சி பறந்தது. "தலைவலியோட கண்ணு மினுமினுன்னா நிக்காத, ஓடி வந்துடு" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மௌரீன் போன வாரம்தான் சொல்லியிருந்தாள். பாமா எழுந்துவிட்டாள்.

"பாதியில எழுந்துக்கக் கூடாதும்மா, இன்னும் ஆரத்தியே எடுக்கல" என்று மாமியார் சரசு அவள் தோளை அழுத்தினாள்.

"ஆரத்திய அப்புறம் எடுங்க அத்தே. இப்ப ஆட்டோவ வரச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, வராமலிருக்க உடனே மெக்னீசியம் ஏற்ற வேண்டும் என்றாள் மௌரீன். ஊசி குத்த இடம் தேடினால் கையெல்லாம் வளையல். வீக்கத்தில் ஒன்றும் கழலவில்லை.

"ஒடைக்கணும்" என்றாள் மௌரீன்.

சரசு அலறிவிட்டாள். "வளைகாப்பு வளையல ஒடைக்கறதா? எம்புள்ள உசுரோட நிக்கறான்!"

அந்தப் பிள்ளை சுனில், சுவரோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவனைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பாமாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"அவரு நல்லாதான் இருப்பாரு அத்தே. நானும் இருக்கணும்."

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டில் கம்பியில் தானே ஓங்கித் தட்டினாள். வளையல்கள் நொறுங்கின.

மருந்து ஏற ஏற உடம்பு தீயாய்க் காய்ந்தது. மௌரீன் சின்னச் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினாள். கால் துள்ளியது.

"மருந்து மிஞ்சிப் போனா கால் துள்ளாது. மூச்சுக்கே ஆபத்து. அதனால அடிக்கடி தட்டிப் பாப்போம்" என்றாள். சரசு கண்கொட்டாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கையளவுதான் இருந்தது, ஆனாலும் வீறிட்டு அழுதது.

மறுநாள் காலையிலும் பாமாவுக்கு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுனில் ஓடி வந்தான். "அம்மா, பாப்பாவ பாக்க விடறாங்க, வா!"

சரசு மருமகளின் கால்மாட்டிலிருந்து அசையவில்லை.

"பாப்பாவ கண்ணாடிப் பொட்டியில பத்திரமா வெச்சிருக்காங்க இல்ல? நீ போய் நர்ஸம்மாவ கூட்டியா. இவ முட்டியத் தட்டி ரொம்ப நேரமாச்சு."